பாகைமானிக்கு முன்னால் பூங்காவுக்குப் போங்கள்



இந்த மாதம் கணிதத்தைப் பற்றிப் பேசப் போகின்றேன். கணிதம் என்றதும் மேசையும் கொப்பியும்தான் எமக்கு ஞாபகத்துக்கு வரும். இந்த உரையில் அவை இரண்டுக்கும் வேலை குறைவு.

நான் கிழக்கு லண்டனில் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் வகுப்பு உதவியாளராகப் பணிபுரிகின்றேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் சிறுவர் வகுப்பில் நிற்பேன். இரண்டு இடங்களிலும் பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றார்கள். "கூட்டல் கழித்தல் எல்லாம் நல்லாச் செய்யிறான். வாய்ப்பாடும் பாடம். இந்த ஆங்கிள் வந்தா மட்டும் பிழைக்குது. என்ன புத்தகம் வாங்கிக் குடுக்கலாம்?"

புத்தகம் வேண்டாம், வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னால் பலருக்கு அது பிடிப்பதில்லை. "நாளை வெளியில் பாடம், மழைச் சப்பாத்து கொடுத்து அனுப்பவும்" என்று பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் முகம் சுளிக்கும் பெற்றோரையும் நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "நாங்கள் மரத்துக்குக் கீழ இருந்து படிச்சது கட்டிடம் இல்லாதபடியால். இஞ்ச கூரை இருக்கு, கதிரை இருக்கு, ஹீற்றர் இருக்கு. பிறகேன் பிள்ளையை வெளியில இருத்துறீங்கள்?" 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரநிழலில் நடந்தது ஒரு இழப்பு. அதை அனுபவித்தவருக்கு, வெளியில் நடக்கும் பாடம் இழப்பின் அடையாளமாகத் தெரிவது இயல்புதான்.

ஆனால் கோணம் என்ற விடயத்தைப் பொறுத்தவரை கூரைக்கு வெளியே போவதற்கு ஒரு கணிதக் காரணம் இருக்கின்றது. அதை விளங்கிக்கொண்டால் அந்தத் தாயின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ஒரு தாளில் இரண்டு கோணங்களை வரையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்றுக்குக் கோடுகளைக் குட்டையாகவும் மற்றதற்கு நீளமாகவும் வரையுங்கள். எது பெரியது என்று ஏழு எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் பெரும்பாலும் நீளக் கோடுள்ளதைத்தான் காட்டும். உலகெங்கும் ஆசிரியர்கள் காணுகின்ற பிழை இது. இதற்குப் பிள்ளையின் மூளை காரணம் அல்ல. கோணம் என்பது ஒரு திரும்பலின் அளவு. ஒரு பக்கத்தைப் பார்த்து நிற்பவர் இன்னொரு பக்கத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு திரும்பினார் என்பதே கோணம். தாளிலே அந்தத் திரும்பல் தெரிவதில்லை. அது தொடங்கிய கோடும் முடிந்த கோடும் மட்டும் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிகின்ற கோட்டைப் பிள்ளை அளக்கின்றது. தெரியாததை எப்படி அளக்கும்?

திரும்பலைக் காண வேண்டுமானால் திரும்ப வேண்டும். அதற்கு இடம் வேண்டும்.

இதை ஏதோ புதுமை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 2014 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டமே இந்த ஒழுங்கில்தான் இருக்கின்றது. இரண்டாம் ஆண்டில் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று. மூன்றாம் ஆண்டில் செங்கோணம், அதைவிடப் பெரியது, அதைவிடச் சிறியது. நாலாம் ஆண்டில் கூர்ங்கோணமும் விரிகோணமும். பாகையில் அளப்பது ஐந்தாம் ஆண்டில், பிள்ளைக்கு ஒன்பது பத்து வயதாகும்போதுதான் வருகின்றது. எம்மவர் ரியூசனில் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் பாகைமானியைக் கொடுத்து, பயிற்சித்தாளை நிரப்பச் சொல்கின்றார்கள். அத்திவாரம் போடாமல் ஓடு போடுகின்ற வேலை என்றுதான் இதைச் சொல்வேன்.

சரி, வெளியே போய் என்ன செய்வது?

பிள்ளையைப் புல்வெளியின் நடுவில் நிறுத்துங்கள். வலது கையை நீட்டி வாசற் கதவைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கையை மடக்காமல், விளக்குக் கம்பத்தைக் காட்டும் வரை உடம்போடு சேர்ந்து திரும்பச் சொல்லுங்கள். இப்போது அந்தக் கம்பத்துக்கு நேர் பின்னால் தூரத்தில் ஏதாவது தெரிகின்றதா என்று பாருங்கள். ஒரு மாடிக் கட்டிடமாக இருக்கலாம், தேவாலயக் கோபுரமாக இருக்கலாம். "கம்பம் கிட்ட இருக்கு, கோபுரம் தூர இருக்கு. கோபுரத்தைக் காட்டுறதுக்கு இன்னும் கூடத் திரும்பவேணுமோ?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு கணம் நின்று, தன் கையைப் பார்த்து, இல்லை என்று சொல்லும். கோட்டின் நீளத்துக்கும் கோணத்துக்கும் தொடர்பில்லை என்பதைப் பத்துப் பயிற்சித்தாள் சொல்லிக் கொடுக்காத இடத்தில் அந்த ஒரு கணம் சொல்லிக் கொடுக்கின்றது.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் முதுகுகள் தொட நின்று, இரண்டு வேறு திசைகளில் நேராக நடக்கட்டும். ஐந்து அடி வைத்தபின் இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். இருபது அடி வைத்தபின் பாருங்கள். தூரம் கூடிக்கொண்டே போகும். ஆனால் எவரும் ஒரு துளி திரும்பவில்லை. கோணம் தொடங்கிய இடத்தில் என்னவோ அதேதான்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் விளங்கப்படுத்தினால் பாடசாலையில் பிள்ளை குழம்பிவிடும் என்று பல பெற்றோர் பயப்படுகின்றார்கள். கோணத்தைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. ஆங்கிலத்தில் 'றைற் ஆங்கிள்' என்று கேட்கும் பிள்ளை, மூலை மறுபக்கம் பார்த்திருந்தால் அதை 'லெஃப்ற் ஆங்கிள்' என்று சொல்வது வகுப்பறைகளில் சாதாரணம். அங்கே அந்தச் சொல்லுக்கு வலது என்று பொருள் இல்லை என்பதை யாராவது சொல்ல வேண்டியிருக்கின்றது. தமிழில் செங்கோணம். செம்மையான, நேரான கோணம். வலதும் இல்லை, இடதும் இல்லை. 'அக்யூற்', 'ஒப்ரியூஸ்' என்பவை இலத்தீனிலிருந்து வந்த சொற்கள். ஒன்று கூரானது, மற்றது மழுங்கியது. ஆனால் லண்டனில் வளரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொருள் காதில் விழாது. கூர்ங்கோணம் என்று சொல்லிப் பாருங்கள். கத்தி கூர், பென்சில் கூர் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். விரிகோணம் என்றால் பாயை விரிப்பது போல விரிந்தது. பின்வளைகோணம் என்றால் நேராகி, அதையும் தாண்டிப் பின்னால் வளைந்தது. பெயரே விளக்கமாக இருக்கின்றது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கூர்ங்கோணத்தைக் குறுங்கோணம் என்று எழுதுவார்கள். இணையத்தில் தேடும்போது அதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

இனி ஒரு கருவி செய்வோம். செலவு ஒன்றுமில்லை. எந்த வடிவத்திலும் கிழிந்த ஒரு கடதாசித் துண்டை எடுங்கள். ஓரம் நேராக இருக்கவே வேண்டாம். ஒரு தடவை மடித்து விரலால் அழுத்துங்கள். மடிந்த ஓரம் தன்மேலேயே சரியாகப் படியும்படி இன்னொரு தடவை மடியுங்கள். கிடைத்த மூலை ஒரு செங்கோணம். கந்தல் கடதாசியிலிருந்து இவ்வளவு திருத்தமான மூலை வருவதைக் கண்டு பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். முழுச் சுற்றைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினோம், ஆகவே கால் சுற்று என்று சொல்லிக் கொடுக்கலாம்.

அந்த மூலையை எடுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றுங்கள். வாங்கு, வேலி, படிக்கட்டு, செங்கல், கிளை, இலை நரம்பு, ஊஞ்சற் கால், எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கட்டும். சரியாகப் பொருந்துவது எது, அதைவிடக் கூர் எது, விரிந்தது எது? கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஒன்றைக் கவனிக்கும். மனிதர் கட்டியவற்றில் செங்கோணம் நிறைய இருக்கும். மரங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏன் என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் வீட்டிலுள்ள அம்மப்பாவிடம் விடுங்கள்.

காரணத்தோடுதான் சொல்கின்றேன். எமது வீடுகளில் ஊரிலே மேசன் வேலை, தச்சு வேலை செய்த பெரியவர்கள் இருக்கின்றார்கள். இங்கு வந்து கட்டிட வேலையிலும் மாபிள் பதிக்கும் வேலையிலும் நிற்கின்ற தந்தையர் இருக்கின்றார்கள். சண்டை காரணமாக ஏழாம் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள் அவர்களில் உண்டு. பிள்ளையின் வீட்டுப்பாட நேரத்தில் அவர்கள் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவதை நான் அறிவேன். "எனக்கு இந்தக் கணக்கு விளங்காது, தாயிட்டக் கேள்" என்று சொல்லிவிட்டுப் போகின்ற அதே மனிதர், பகல் முழுவதும் சுவருக்கும் நிலத்துக்கும் செங்கோணம் பிடித்துவிட்டு வந்தவர்.

அத்திவாரம் வெட்ட நூல் கட்டும்போது மேசன்மார் மூலையைச் சரிபார்க்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூலையிலிருந்து ஒரு நூலில் மூன்று அடி, மற்ற நூலில் நாலு அடி அளந்து அடையாளம் வைப்பார்கள். இரண்டு அடையாளத்துக்கும் குறுக்கே சரியாக ஐந்து அடி வந்தால் மூலை செங்கோணம். ஐந்துக்குக் கூடினால் மூலை விரிந்துவிட்டது, குறைந்தால் கூராகிவிட்டது. பாடசாலையில் பைதகரஸ் என்ற பெயரில் பிள்ளை பின்னர் படிக்கப் போவது இதைத்தான். தூக்குக்குண்டும் அப்படியே. குண்டு தொங்கும் நூல் பூமியை நோக்கி நேராக நிற்கும், நீர்மட்டம் கிடையாகக் கிடக்கும், இரண்டும் சந்திப்பது செங்கோணத்தில். சுவர் சாய்ந்தால் விழும் என்பதால் மனிதர் செங்கோணத்தைத் தேடுகின்றார்கள். வேரில் பிடித்து நிற்கின்ற மரத்தின் கிளைக்கு வெளிச்சம் கிடைத்தால் போதும், செங்கோணம் அதற்கு வேண்டியதில்லை.

இதைப் பூங்காவில் செய்து பார்க்க ஒரு கயிறு போதும். சம இடைவெளியில் பன்னிரண்டு பாகம் வருமாறு முடிச்சுப் போட்டு, நுனிகளைச் சேர்த்துக் கட்டுங்கள். மூன்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டு மூன்று, நாலு, ஐந்து பாகங்களாக இழுத்தால் ஒரு மூலை செங்கோணமாக நிற்கும். அந்த மூலையை வைத்தே கிளித்தட்டுக்குக் கோடு போடலாம். கோடு கோணலாகப் போனால் ஒரு கட்டம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வந்து சண்டை வரும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு முறை இதைச் செய்தோம். கோடு போட உதவிக்கு வந்த தந்தையர் மூவரும் அன்று முழுவதும் பிள்ளைகளுக்கு நடுவில்தான் நின்றார்கள். மற்ற அறைக்குப் போக அங்கே அறை இல்லை!

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, ஐந்தாம் ஆறாம் ஆண்டில் உள்ளவர்களுக்கு, சுற்றி நடக்கும் விளையாட்டைச் சொல்வேன். நல்லூர் வீதியை வலம் வந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொரு தடவை வலப்பக்கம் திரும்புகின்றோம். தொடங்கிய இடத்துக்கு வந்து, தொடங்கிய திசையைப் பார்க்கும்போது நாலு கால் சுற்று, ஒரு முழுச் சுற்று திரும்பியிருப்போம். அதாவது 360 பாகை. இப்போது கயிற்றால் புல்லில் ஒரு சமபக்க முக்கோணம் போட்டு, அதைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். முக்கோணத்தின் மூலை 60 பாகை என்று பிள்ளை புத்தகத்தில் படித்திருக்கும். ஆனால் மூலையில் வந்து திரும்பும்போது உடம்பு மிகவும் கூடுதலாகத் திரும்புவதை உணரும். ஏனென்றால் நடப்பவர் திரும்புவது 120 பாகை. உள்ளே இருப்பது 60. இரண்டும் சேர்ந்து 180, ஒரு நேர்கோடு. மூன்று மூலையிலும் மூன்று 120, மறுபடியும் 360. ஆறு பக்கம் சமமாகப் போட்டால் ஆறு 60, அதுவும் 360. எந்த வடிவத்தைச் சுற்றினாலும், உள்நோக்கி மடிந்த மூலை இல்லாவிட்டால், திரும்பல்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. இதைக் காலால் கண்டுபிடித்த பிள்ளைக்குச் சூத்திரம் பாடமாக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குக் கடினமானது சரிவு. அவுஸ்திரேலியாவில் மைக்கல் மிச்செல்மோர், போல் வைற் என்ற இருவர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 2000 ஆம் ஆண்டில் எழுதியிருக்கின்றார்கள். கோணத்தின் இரண்டு புயங்களும் கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளைகள் இலகுவாக அடையாளம் காண்கின்றார்கள். ஒன்று மறைந்திருந்தால் தடுமாறுகின்றார்கள். இரண்டும் மறைந்திருந்தால் இன்னும் கடினம். சறுக்குப் பலகையில் ஒரு புயம் பலகை. மற்றது நிலத்துக்குச் சமாந்தரமாக நாம் கற்பனை செய்ய வேண்டிய கோடு. ஆகவே ஒரு தடியைப் பிடித்து அந்த மறைந்த கோட்டைக் காட்டுங்கள். சக்கர நாற்காலிக்குப் போடுகின்ற சரிவுப் பாதை பன்னிரண்டுக்கு ஒன்று உயர்ந்தால் ஏறத்தாழ 5 பாகைதான். சுவரில் சாத்தும் ஏணியை நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி வைக்க வேண்டும் என்பது இங்குள்ள பாதுகாப்பு விதி. அது ஏறத்தாழ 75 பாகை. இரண்டையும் கையால் காட்டச் சொல்லுங்கள்.

பட்டம் விடத் தெரிந்தவர்கள் இருந்தால் இதற்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றியவருக்கு முச்சை எப்படிக் கட்ட வேண்டும் என்று தெரியும். முச்சையின் ஒரு நூலைக் கொஞ்சம் கூட்டினால் அல்லது குறைத்தால் பட்டம் காற்றைச் சந்திக்கும் கோணம் மாறி, ஏறும் அல்லது குத்தும். எட்டுமூலைப் பட்டத்தின் மூலைகளை மடித்த கடதாசியால் பரிசோதிப்பது ஒரு பின்னேரத்துக்குப் போதுமான வேலை.

இவ்வளவும் நடந்தபின் பாகைமானியைக் கொடுங்கள். அதில் எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரண்டு எண் வரிசைகள் இருப்பதால்தான் பிள்ளைகள் 50 பாகையை 130 என்று எழுதுகின்றார்கள். அளக்குமுன் "இது செங்கோணத்தைவிடக் கூரோ, விரிவோ?" என்று மட்டும் கேளுங்கள். கூர் என்று சொன்ன பிள்ளை 130 என்று எழுதக் கை வைத்தால் தானாகவே நிற்கும். சாட்ஸ் பரீட்சையில் இந்த இடத்தில் புள்ளி போகலாம்.

கடைசியாக, இடத்துக்கு இடம் மாறுகின்ற கோணம் ஒன்று. ஒரு மீற்றர் தடியை நிலத்தில் நேராக நட்டு நண்பகல் நிழலை அளக்கலாம். கோடை காலத்தில் இங்கே கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னுக்கு இருப்பதால் சூரியனின் நண்பகல் ஏறத்தாழ ஒரு மணிக்கு. லண்டனில் ஜூன் 21 அளவில் சூரியன் ஏறத்தாழ 62 பாகை உயரத்தில் நிற்கும், நிழல் அரை மீற்றருக்குச் சற்றுக் கூட. டிசெம்பர் 21 அளவில் சூரியன் 15 பாகைதான், நிழல் மூன்றரை மீற்றரையும் தாண்டும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு வந்து தடியின் நிழல் அதன் காலடியில் மறைந்துவிடும். நிழலை மட்டும் அளக்க வேண்டும், சூரியனை நேரே பார்க்க விடக் கூடாது.

இரவில் அந்தப் பயம் இல்லை. மாரி காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் பிள்ளையை நித்திரை முழிக்க வைக்கவும் தேவையில்லை. சப்தரிஷி மண்டலத்தின் முன் இரண்டு நட்சத்திரங்களை இணைத்து அந்தக் கோட்டை நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும். கையை முழுவதும் நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. பிள்ளையின் கை சிறிது, ஆனால் நீளமும் குறைவு, ஆகவே கணக்குச் சரியாகவே வரும். அடிவானத்திலிருந்து முட்டிக்கு மேல் முட்டி வைத்து எண்ணட்டும். லண்டனில் ஐந்து முட்டி. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டுக்குச் சமம் என்பதால் யாழ்ப்பாணத்தில் ஒரு முட்டிதான். ஊரில் அது பனைகளுக்குப் பின்னால் மறைந்துபோகும் உயரம். இங்கே வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும். அம்மம்மா பக்கத்தில் நின்றால், ஊரில் அது எந்தப் பக்கம், எவ்வளவு பதிவாகத் தெரிந்தது என்று அவரையே கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.